தாயாரும் மணியும் தரங்கம்பாடியும்

திருப்பதியிலும் சித்தூரிலும் வாழும் நம்மவர்க்கு ஒரு விசித்திரமான நிலைமை உண்டு. விடுமுறை கிடைத்ததும் நாடே நம் ஊரை நோக்கி வருகிறது. நமக்கு விடுமுறை கிடைத்தால் எங்கே போவதென்று நமக்குத் தெரிவதில்லை. பெரும்பாலும் சொந்த ஊருக்குப் போகிறோம். அங்கே ஒரு கலியாணம், ஒரு காதுகுத்து, ஒரு பாகப்பிரிவினைப் பேச்சு. திரும்பி வரும்போது, புறப்பட்டபோது இருந்ததைவிடக் களைப்பு அதிகமாக இருக்கும். காரியம் எதுவுமின்றி நான்கு நாட்கள் ஓரிடத்தில் தங்கிச் சும்மா இருப்பது நம் குடும்பங்களில் வழக்கமில்லை. சென்ற மாசி மாதத்தில் நாங்கள் அவ்வழக்கத்தை மீறினோம். கடற்கரையில் ஒரு சிறு வீட்டை வாடகைக்கு எடுத்துத் தங்கினோம். வயது முதிர்ந்த தாயாரையும் நாயையும் அழைத்துக்கொண்டு எப்படிப் போனீர்கள் என்று சங்கத்து அன்பர்கள் பலர் கேட்டமையால் இதனை எழுதத் துணிந்தோம்.

எங்களுக்கு இரயில்வேயில் பார்சல் அலுவலகக் குமாஸ்தா உத்தியோகம். வேலை திருப்பதிப் பக்கம்; வாசம் சித்தூரில். வீட்டில் தாயார், மனைவி, ஆணொன்று பெண்ணொன்றாக இரு குழந்தைகள், பிறகு மணி. தாயாருக்கு வயது எழுபத்து மூன்று. மணிக்குப் பதின்மூன்று, நாய்க் கணக்கில் அது தாயாருக்கும் மூத்தது என்று சொல்ல வேண்டும். சித்தூர் மாங்காய் மண்டி வாசலில் மழையில் நனைந்து கிடந்த நாட்டு நாய்க்குட்டியை எங்கள் தந்தையார் ஒரு நாள் துண்டில் சுற்றி எடுத்து வந்தார். தந்தையார் மறைந்து ஆறாண்டுகள் ஆகின்றன. எங்கள் குழந்தைகள் தெருவிலும் பள்ளியிலும் தெலுங்கு பேசுகிறார்கள். வீட்டிலும் பாதி அதுதான். மணி மட்டும் சுத்தத் தமிழ். தெலுங்கில் எத்தனை முறை 'ரா' என்று அழைத்தாலும் திரும்பிப் பாராது. தாயார் தாழ்ந்த குரலில் "வாடா" என்றால் உறக்கத்திலிருந்தும் எழுந்து வரும். பகல் முழுவதும் வீட்டில் அவ்விருவர்தாம். அவர்களுக்குள் என்ன பேச்சு நடக்கிறதென்று நாங்கள் விசாரித்ததில்லை.

எல்லைகள் நகர்வது எங்கள் ஜில்லாவுக்குப் புதிதன்று. 1953 அக்டோபர் 1ஆம் நாள் ஆந்திர மாநிலம் அமைந்தபோது சித்தூர் அதனோடு சேர்ந்தது. 1960 ஏப்ரல் 1ஆம் நாள் திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பிற்று. இவற்றையெல்லாம் நம் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். ஆனால் 2022 ஏப்ரல் 4ஆம் நாள் நடந்ததை நாங்களே கண்டோம். புதிய திருப்பதி மாவட்டம் பிரிந்தபோது சூளூர்ப்பேட்டை, ஸ்ரீஹரிகோட்டா முதலியவை அதில் வந்து சேர்ந்தன. அதுவரை மலையும் மாந்தோப்புமாக இருந்த பக்கத்துக்கு ஒரே இரவில் கடல் கிடைத்தது! அலுவலகத்தில் இதைச் சொல்லிச் சிரித்தோம். வீட்டுக்கு வந்து, "அம்மா, கடல் நம்மைத் தேடி வந்துவிட்டது" என்று தாயாரிடமும் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை. அடுப்படிக்குப் போய்விட்டார்.

அதன் காரணத்தை இங்கே சொல்ல வேண்டும். எங்கள் பூர்வீகம் பொறையாறு. தாயார் பிறந்தது அதை அடுத்த தரங்கம்பாடி. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, மார்கழிப் பௌர்ணமி. காலை ஆறரை மணிக்குச் சுமத்திராத் தீவின் பக்கம் கடலடியில் நேர்ந்த நிலநடுக்கம், ஒன்பது மணியளவில் நம் கரையில் அலையாக ஏறிற்று. அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். எங்கள் சின்னம்மா, தாயாருடைய ஒரே தங்கை, அன்று காலை மீன் வாங்கக் கரைக்குப் போயிருந்தார். உடல்கூடக் கிடைக்கவில்லை. நாங்கள் அப்போது பள்ளிப் பிள்ளைகள். அதன்பின் தாயார் கடல் பக்கம் முகம் வைத்ததில்லை, மீனும் சமைத்ததில்லை. எங்களுக்கு உத்தியோகம் கிடைத்துச் சித்தூருக்கு வந்தபோது, இவ்வளவு தூரத்துக்கா என்று உறவினர் கேட்டனர். தாயார் மட்டும் ஒரு கேள்வியும் கேட்காமல் மூட்டை கட்டினார்.

அப்படிப்பட்டவர் சென்ற பொங்கல் கழிந்த ஒரு மாலையில், மணிக்குச் சோறு வைத்துக்கொண்டே, "தம்பி, கடலை ஒரு தடவை பார்த்துட்டு வந்துடலாமா?" என்றார். பக்கத்திலேயே நம் மாவட்டத்துக் கரை இருக்கிறதே என்றோம். "பார்த்தா நம்ம கடலைத்தான் பார்க்கணும்" என்றார். மேலும் இரண்டு நிபந்தனைகள் விதித்தார். பௌர்ணமியில் போகக் கூடாது. மணி கூட வரவேண்டும்.

முதல் நிபந்தனை எளிது. மாசி மகம் கழிந்து ஒரு வாரம் சென்ற நாட்களைத் தேர்ந்துகொண்டோம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின் மாசியில் நம் கீழைக் கடல் அடங்கியிருக்கும். வெயிலும் இன்னும் ஏறியிராது. முதியோரைக் கடலோரம் அழைத்துச் செல்ல எண்ணும் அன்பர்களுக்குத் தை, மாசி இரண்டையும் துணிந்து சொல்லலாம்.

இரண்டாவது நிபந்தனைதான் எங்களை அலைக்கழித்தது. தங்குமிடம் கேட்டு எழுதிய மூன்று இடங்களிலும் நாய் என்றதும் மறுத்துவிட்டார்கள். முதியவர் ஒருவரும் உண்டு என்றதும் ஓரிடத்தில் மேலும் தயங்கினார்கள்! கடைசியில் நண்பர் ஒருவர் வழியாக, கடலைப் பார்த்த பழைய ஓட்டு வீடு ஒன்று கிடைத்தது. முன்புறம் தாழ்வாரமும் மணலும். பின்புறம் திண்ணையும் தெருவும். நாய் தரையில் படுப்பதாயின் ஆட்சேபமில்லை என்றார் வீட்டுக்காரர். மணி தரையைத் தவிர வேறெதையும் அறியாது.

இனி இரயில். எங்கள் துறையின் நாய் விதிகளை நாங்கள் ஆண்டுக்கணக்காக மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்லி வருகிறோம். தடுப்பூசிச் சான்றோடு மிருக வைத்தியரின் சான்றும் வேண்டும். பார்சல் அலுவலகத்தில் முன்கூட்டியே கட்டணம் செலுத்தி, கார்டு இருக்கும் பிரேக் வேனிலுள்ள நாய்ப் பெட்டியில் ஏற்ற வேண்டும். உணவும் தண்ணீரும் உடையவர் பொறுப்பு. விலங்கு மிரண்டு தனக்குத் தானே கேடு விளைத்துக்கொண்டால் இரயில்வே பொறுப்பாகாது. உடன் வைத்துக்கொள்ள விரும்புவோர் முதல் வகுப்பில் தனி அறை முழுவதையும் எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டாம் வகுப்பிலும் படுக்கை வண்டியிலும் நாய்க்கு இடமில்லை; பதிவு செய்யாமல் கொண்டுபோய் அகப்பட்டால் பன்மடங்கு கட்டணம். பிரிட்டனில் பிரயாணி ஒருவர் இரண்டு நாய்கள்வரை கட்டணமின்றித் தம்முடனே வைத்துக்கொண்டு போகலாம் என்பதைப் படித்திருக்கிறோம். அங்கே வண்டியில் இடமிருக்கிறது. நம் வண்டிகளில் மனிதருக்கே ஒற்றைக்காலில் நிற்கத்தான் இடம். ஆகவே விதியைக் குறை சொல்ல எங்களுக்கு வாயில்லை.

எங்களுக்கு வருடாந்தர இலவசப் பாஸ் உண்டு. 1986ஆம் ஆண்டின் பாஸ் விதிகள் குடும்பம் என்பதோடு, எங்களை நம்பி வாழும் விதவைத் தாயாரையும் கணக்கில் கொள்கின்றன. மணியை எந்த விதியும் குடும்பமாகக் கொள்ளவில்லை. சித்தூர், காட்பாடி, திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர், சிதம்பரம் வழியே மயிலாடுதுறைக்கு நாங்கள் பாஸில் போவது, மணி நாய்ப் பெட்டியில் வருவது என்று தீர்மானித்தோம். பழக்கப்படுத்தலாமென்று ஒரு மாலை மணியை ஸ்டேஷனுக்கு நடத்திச் சென்றோம், தாயாரும் வந்தார். நின்றிருந்த வண்டி ஒன்றின் கார்டு, எங்களுக்குப் பழக்கமானவர், பெட்டியைத் திறந்து காட்டினார். தாயார் குனிந்து உள்ளே பார்த்தார். கையை நீட்டி அந்தத் தகட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"இதுக்குள்ளே எத்தனை மணி நேரம்?"

"ஒரு இரவு அம்மா."

"அப்ப நானும் இதிலேயே உட்கார்ந்து வர்றேன். எனக்கும் சீட்டு எழுதிடு."

கார்டு சிரித்துவிட்டார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. எத்தனை நாய்களை இவ்விதம் அச்சீட்டு எழுதி ஏற்றியிருக்கிறோம் என்ற எண்ணம் வந்தது. அவற்றின் உடையவர்கள் ஜன்னல் வழியே எங்களிடம் கேட்ட கேள்விகளும் நினைவுக்கு வந்தன. முடிவாக, சட்டைப் பையில் இலவசப் பாஸ் இருக்க, ஓர் இரயில்வேக் குமாஸ்தா வாடகை வேனில் ஏறினார்! ஏறக்குறைய முந்நூறு கிலோமீட்டர். வழியில் ஒரு கேட்டில் காத்திருந்தபோது எக்ஸ்பிரஸ் ஒன்று கடந்தது. எங்கள் மகன் அதற்குக் கைகாட்டிவிட்டு எங்கள் முகத்தைப் பார்த்தான்.

நாயை வண்டியில் கொண்டுசெல்வோர் இரண்டொன்றைக் கவனிக்கலாம். புறப்படுவதற்கு நாலைந்து மணி நேரம் முன்பே தீனியை நிறுத்திவிட்டால் வாந்தி குறையும். இரண்டு மணிக்கு ஒரு முறை நிறுத்தி நடக்கவிட வேண்டும். தாயாரின் முழங்காலுக்கும் அதே கணக்குப் பொருந்திற்று. பழைய வீட்டில் குந்தும் கழிப்பிடந்தான் இருக்குமென்று எங்கள் மனைவி முன்யோசனையாக, நடுவில் துளையுள்ள பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை வாங்கி வேனின் தலையில் கட்டியிருந்தார். அதற்காக வழியெல்லாம் கேலி செய்தோம். நான்கு நாட்களும் எங்கள் எல்லாரையும்விட உபயோகமாக இருந்தது அந்த நாற்காலிதான்.

ஆக்கூர் தாண்டியதும் தாயார் வாய் திறந்தார். "ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையாறு, தரங்கம்பாடி" என்று ஊர்களை வரிசையாகச் சொன்னார். அவை பழைய ஸ்டேஷன்கள். மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு மீட்டர் கேஜ் கிளைப்பாதை ஒன்று 1926இல் திறக்கப்பட்டு 1986இல் மூடப்பட்டது. தாயார் சிறுமியாக அதில் போயிருக்கிறார். அவருக்கு ஜன்னல் பக்கத்தை விட்டுக்கொடுத்துத் தங்கை மடியில் உட்காருவாளாம். நாங்கள் பிறப்பதற்கு முன்பே மறைந்துபோன பாதை அது. எங்கள் துறையின் பாதையொன்று எங்களைவிட எங்கள் தாயாருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

தரங்கம்பாடியைப் பற்றிச் சிறிது. 1620இல் டேனிஷ்காரர்கள் இங்கே கோட்டை கட்டினார்கள். அது இன்றும் கடலைப் பார்த்து நிற்கிறது. 1706இல் வந்திறங்கிய சீகன்பால்கு தமிழ் கற்று, இங்கேயே தமிழ் எழுத்தில் நூல்களை அச்சிட்டார். 1845இல் டேனிஷ்காரர்கள் ஊரை ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றுவிட்டுப் போனார்கள். அவர்களுக்கும் முந்தியது கரையிலுள்ள மாசிலாமணிநாதர் கோயில். குலசேகர பாண்டியன் காலத்துக் கல்வெட்டு உடையது. அதன் முன்பகுதியைக் கடல் பல தலைமுறைகளாகச் சிறிது சிறிதாகக் கொண்டுபோயிருக்கிறது. குழந்தைகளுக்கு இவற்றையெல்லாம் காட்டினோம். அவர்களுக்குக் கோட்டையின் பீரங்கிகள் மட்டுமே நினைவிருக்கின்றன.

நிற்க. தாயார் கடலைப் பார்க்கவில்லை. வேன் நின்றதும் பின்பக்கத்துத் திண்ணையில், தெருவைப் பார்த்து, கடலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்துவிட்டார். மணி அவர் காலடியில். முதல் நாள் அப்படியே கழிந்தது. இரண்டாம் நாளும் அப்படியே. அலையோசை வீடெங்கும் கேட்டுக்கொண்டிருந்தது. இரவில் அவர் உறங்கினாரா என்று தெரியவில்லை. திரும்பிப் போய்விடலாமா என்று எங்கள் மனைவி எங்களைத் தனியே கேட்டார். வேனுக்குச் சொல்லி அனுப்பலாமென்றே எண்ணினோம்.

இதனிடையே நாங்களும் குழந்தைகளும் கரையில் திரிந்து சிலவற்றைக் கற்றுக்கொண்டோம். முதியோருக்கு உலர்ந்த மணலில் நடப்பது முழங்காலை வாட்டும். அலை வந்து போன ஈரமணல் கெட்டியாக இருக்கும். எங்கள் கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆகவே அந்த ஈரப்பட்டை அகலமாக இராது. கணுக்காலுக்கு மேல் நீரில் நிற்கவிடக் கூடாது, திரும்பும் அலை பாதத்தின் கீழுள்ள மணலை அரித்துக்கொண்டு போகும், இளைஞரே தடுமாறுவர். நாய் கடல்நீரைக் குடித்தால் வாந்தியெடுக்கும். நல்ல தண்ணீர் கையில் இருக்க வேண்டும். நாயைக் கயிறின்றி விடவும் கூடாது. தை முதல் பங்குனி வரை இக்கரைகளில் பங்குனி ஆமைகள் இரவில் ஏறி, குழிக்கு நூறு முட்டை அளவில் இட்டு மூடிவிட்டுப் போகின்றன. சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட அவ்வுயிர்களுக்கு மனிதருக்கு அடுத்தபடி பகை, மணலைத் தோண்டும் நாய்கள்தாம். மீனவர் ஒருவர் எங்கள் மகளுக்கு ஆமை ஏறிய தடத்தைக் காட்டினார். டிராக்டர் போன தடம்போல் இருந்தது.

மூன்றாம் நாள் விடியுமுன் விழித்துப் பார்த்தால் தாயாரின் பாய் காலியாக இருந்தது. திண்ணையில் இல்லை. கயிறு ஆணியில் இல்லை. மூப்பினால் மணிக்கு இப்போதெல்லாம் சிறுநீர் தங்குவதில்லை. விடியுமுன் வெளியே விட வேண்டும். அதற்காக எழுந்திருக்கிறார். தெருப்பக்கக் கதவுக்கு நாங்கள் இரவில் பூட்டுப் போட்டுச் சாவியை வைத்துக்கொண்டிருந்தோம். திறந்திருந்தது கடல்பக்கக் கதவு ஒன்றுதான்.

செருப்பில்லாமல் ஓடினோம். கீழ்வானம் வெளுக்கத் தொடங்கியிருந்தது. அலைக்கு ஐம்பது அடி தள்ளித் தாயார் மணலில் உட்கார்ந்திருந்தார். மணி அவர் முந்தானையின்மேல் படுத்திருந்தது. எங்களைக் கண்டதும், "இவன் இங்கே இழுத்துட்டு வந்துட்டான்" என்றார். மணியால் இப்போது ஒரு கோழிக்குஞ்சைக்கூட இழுக்க முடியாது. நாங்கள் ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் அமர்ந்தோம்.

வெகுநேரம் கழித்துப் பேசினார். சின்னம்மா அன்று தமக்காக மீன் வாங்கப் போகவில்லையாம். "மதியம் வர்றோம், நல்ல கொடுவாயா பார்த்து வாங்கி வை" என்று முதல் நாள் மாலை சொல்லியனுப்பியவர் தாயார். மறுநாள் காலையில் தந்தையாருக்குக் காய்ச்சல் கண்டது. வரவில்லை என்று சொல்லியனுப்ப ஆளைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் தெருவில் கூக்குரல் கேட்டிருக்கிறது. இதை அவர் தந்தையாரிடமும் சொன்னதில்லை. "இவன்கிட்டே மட்டும் சொல்லியிருக்கேன்" என்று மணியின் தலையில் கை வைத்தார். எங்களுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. உங்கள்மேல் குற்றமில்லை அம்மா என்றோம். "அது எனக்குத் தெரியும்பா" என்றார். சூரியன் நீரிலிருந்து முழுவதும் எழும்வரை உட்கார்ந்திருந்தோம். இதை எழுதலாமா என்று பிறகு அவரையே கேட்டோம், எழுது என்றார்.

படகுகள் திரும்பத் தொடங்கின. கூடையோடு வந்த கிழவி ஒருத்தி தாயாரை உற்றுப் பார்த்து, "யாரு, கடைக்காரர் வீட்டு மூத்ததா?" என்றாள். இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். அந்த அம்மையார் அன்றைய அலையில் ஒரு மகனை இழந்தவர் என்பதைப் பின்னர் அறிந்தோம். அவர்கள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. யார் வீடு யாருக்கு விற்றது, யார் பெண் எங்கே வாழ்க்கைப்பட்டாள், சித்தூரில் மழை உண்டா என்றெல்லாம் ஒரு மணி நேரம் பேசினார்கள். சித்தூர் நாட்டில் தாயார் அவ்வளவு பேசி நாங்கள் கேட்டதில்லை.

கூடையில் கொடுவா இருந்தது. தாயார் வாங்கினார். விலையில் பத்து ரூபாய் பேரமும் பேசினார். அன்று பகல் அவரே அம்மியில் அரைத்துக் குழம்பு வைத்தார். எங்கள் மனைவி உதவிக்குப் போனபோது, "நீ உட்காரும்மா" என்றுவிட்டார். "அப்பாயிக்கு மீன் குழம்பு வைக்கத் தெரியுமா?" என்று பேரன் வியந்தான். குழந்தைகள் மூன்று முறை கேட்டு வாங்கி உண்டார்கள். தாயார் தாம் உண்ணவில்லை. தாழ்வாரத்தில், கடலைப் பார்த்து அமர்ந்து, ஒவ்வொரு துண்டாக முள்ளெடுத்து மணிக்கு ஊட்டிக்கொண்டிருந்தார்.

நான்காம் நாள் மாலை புறப்பட்டோம். வாடகை, வேன், நாற்காலி எல்லாம் சேர்ந்து எங்கள் ஒரு மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல் ஆயிற்று. வரும் மாசிக்கும் அதே வீட்டைக் கேட்டு எழுதியிருக்கிறோம்; கிழமைகளைச் சொன்னால் ஒதுக்கி வைப்பதாக வீட்டுக்காரரின் பதில் வந்திருக்கிறது. மணி இப்போது மாடிப்படி ஏறுவதில்லை. தாயார் தம் பாயைக் கீழறைக்கு மாற்றிக்கொண்டுவிட்டார்.